ஆளுக்குப் பாதி

வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை நான். அப்படிப்பட்டவளுக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில், பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வெட்டிக்கொண்டிருந்தபோது, பிராந்தி வேண்டும் போலிருந்தது.

சும்மா தோன்றி மறைகிற ஆசை என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். இது அடிவயிற்றில் கொக்கி போட்டு இழுத்தது. நாக்கு வறண்டுபோயிற்று. கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தால், கால் தன்பாட்டுக்கு வாசல் பக்கம் திரும்புகிறது. தையல் மிஷினில் இருந்த சரசா தலையைத் தூக்கினாள்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல புள்ள. மோர் குடிச்சுட்டு வாரேன்."

மோரைக் குடித்தேன். மோருக்கெல்லாம் அடங்குகிற சங்கதியா அது. சுவரில் சாய்ந்து நின்றபடி என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"மாமா, உங்களுக்கு இப்ப எப்படி இருக்குது?"

அந்தப் பக்கம் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "உனக்கு வந்துருச்சா அம்மிணி?" என்றார். "மன்னிச்சுக்க."

"மன்னிப்பு கெடக்கட்டும். இத்தன வருசமா தெனமும் இதையா வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க?"

"இல்ல. இது பாதிதான்."

போனை வைத்துவிட்டுத் துணி மூட்டைக்குப் பின்னால் போய் அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் ஒரே ஒரு வசனத்தைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். 'மனசு வெச்சா முடியாதா?' இதில் பாதிக்கே என் மனசு தடுமாறிப்போயிற்று.

அவர் பெயர் பூபதி. திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறவர். ஆழ்துளைக் கிணறு போடுவது ராஜஸ்தானில் நடக்கும், இவர் இங்கே யார்டில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கைப்பிடியைத் திருப்புவார். வயசுக் காலத்தில் வண்டியோடேயே வடக்கே போனவர். இரவும் பகலும் அந்த மிஷின் சத்தம், வெயில், புழுதி. தூங்குவதற்காகக் குடிக்கப் பழகினார்கள் எல்லோரும். பிற்பாடு வண்டி தனியாகப் போகக் கற்றுக்கொண்டது. குடி மட்டும் இவரோடு ஊரிலேயே தங்கிவிட்டது.

மோசமான மனுசன் என்று நினைத்துவிடக் கூடாது. குடித்தால் அழுவார், பாட்டுப் பாடுவார், என் சேலையைத் தப்புத்தப்பாக மடித்து வைப்பார். கை நீட்டியதில்லை. நான்தான் வாயை நீட்டுவேன். முனியப்பன் கோயிலுக்கு இழுத்துப்போய், இனி தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டிவிடுவேன். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். அப்புறம் ஒரு நாள் கயிறு இருக்காது. மறுபடி கூட்டிப்போவேன். முனியப்பனுக்கே எங்களைப் பார்த்து அலுத்துப்போயிருக்கும்.

போன மார்கழியில் ரத்த வாந்தி எடுத்தார். ஈரல் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் குடித்தால் ஆளைப் பார்க்க முடியாது, நிறுத்திவிட்டால் பிழைக்க வழியிருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து, நடுக்கமும் வலிப்பும் வராமல் மருந்து கொடுத்துக் குடியை நிறுத்தினார்கள். உடம்பு தெளிந்தது. ஆனால் ஏக்கம் போகவில்லை. அதற்குத்தான் நஸ்ரின் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

நஸ்ரின் டாக்டர் ஈரோட்டுப் பெண். மறுவாழ்வு மையத்தில் வேலை. மேஜைமேல் எட்டணா அகலத்தில் இரண்டு வில்லைகளை வைத்தாள்.

"பிடரியில ஒட்டிக்கணும். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு உங்களுக்கு. அவரோட ஏக்கத்துல பாதி உங்களுக்கு வரும்."

"பாதி மட்டும் எப்படிம்மா பிரிச்சு வரும்?"

"உங்க ஊட்டு மாடியில ரெண்டு தண்ணித் தொட்டி இருக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒண்ணு தளும்புது, ஒண்ணு காலி. நடுவுல ஒரு குழாய் போட்டா?"

"ரெண்டுலயும் சமமா நிக்கும்."

"அவ்வளவுதாங்க. யாருமே தனியா முழுசையும் சுமக்க வேண்டியதில்ல. ஒரு வருசம் இப்படி இழுத்துப் புடிச்சா, மூளை மெதுவா அந்த வழிய மறந்துரும்."

கூட வருகிறவருக்கு எந்தப் பழக்கமும் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. "உங்களுக்கு ஏதாவது..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் இவர் சிரித்துவிட்டார்.

"இவளுக்கா? டாஸ்மாக் கடையை ரோட்டை விட்டே தூக்க வெச்சவ டாக்டர் இவ. தீபாவளி லேகியமே பாதி உருண்டைதான் திம்பா."

நானும் மூக்கு விடைக்க உட்கார்ந்திருந்தேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பெண்களைக் கூட்டி உட்காரவைத்தவள் நான். என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது என்ற நினைப்பு. டாக்டரும் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். தையில் வில்லை ஒட்டினார்கள். ஊரில் அதற்கும் கயிறு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த மாதங்களைப் போல நாங்கள் சந்தோஷமாக இருந்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? சாயங்காலம் ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். அவர் யார்டிலிருந்து நேராக என் தையல் கூடத்துக்கு வந்துவிடுவார். புளிப்பு மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி ஆளுக்கொரு கீற்றாகத் தின்றபடி மலையடிவாரம் வரை நடப்போம்.

"அம்மிணி, இன்னைக்கு உனக்கு எந்தப் பிராண்டு கேக்குது?"

"எனக்கென்ன தெரியும். தொண்டையில எரியறதா ஏதோ ஒண்ணு."

"ரசனையே இல்லாதவ கிட்டப் பாதியக் குடுத்துட்டேனே."

நானும் அவரைத் திட்டுவதை விட்டுவிட்டேன். எதைத் திட்டுவது, அதுதான் எனக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே. ஒரு நாள் வழியில் கடை வாசலைத் தாண்டும்போது என் கைதான் அவர் கையை இறுக்கிப் பிடித்தது. "வா, வா, போயிரலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனவர் அவர்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. ஜென்மத்தில் திருநீறு பூசாத மனுசன் பூஜை அறைக்குள் நுழைய ஆரம்பித்தார். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் சாமி அலமாரி முன்னால் கை கட்டி நிற்பார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சொந்தம் ஒறம்பரை வீட்டு விசேஷங்களில் எல்லாம் சொல்லித் திரிந்தேன். குடி போனால் பக்தி வரும் என்று சரசாவுக்கு உபதேசம் வேறு செய்தேன்.

நானும் அந்த அலமாரி முன்னால்தான் நாளைத் தொடங்குவேன். சாமி கும்பிட்டு, திருநீறு பூசி, பக்கத்து டப்பாவிலிருந்து முதுகு வலி மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக் காப்பி குடித்தால்தான் உடம்பு நிமிரும். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனபோது டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. நாள் முழுக்கக் குனிந்து துணி வெட்டுகிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. வில்லை ஒட்டிய பிறகு சாயங்காலத்திலும் இடுப்பு கடுக்க ஆரம்பித்தது. பாதி மாத்திரை கூடப் போட்டுக்கொள்வேன். சில நாள் முழுசாக.

புரட்டாசியில், எனக்கு வழக்கமாக மாத்திரை தருகிற மெடிக்கல் குணசேகரன் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்காகக் கடையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டான். வேறு கடைகளில் டாக்டர் சீட்டுக் கேட்டார்கள். டப்பாவில் மிச்சமிருந்ததை நறுக்கி நறுக்கிப் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது போலிருந்தது. கொட்டாவியும் வியர்வையுமாக, மூக்கில் தண்ணீர் வழிய, கை மயிர் எல்லாம் குத்திட்டு நின்றது. வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டேன்.

மத்தியானம் வாசல் கதவு திறந்தது. யார்டிலிருந்து இவர் நேரங்கெட்ட நேரத்தில் வந்திருந்தார். என்னைக்கூடப் பார்க்காமல் நேராகப் பூஜை அறைக்குப் போனார். டப்பா மூடி கழலுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். கடைசி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே.

"அது போச்சுன்னு இதப் புடிச்சுட்டீங்களா? உங்க ஈரலுக்காக நாயாட்டம் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையறேன் நானு. எத்தன நாளா நடக்குது இது?"

அவர் மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார். தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மிணி, இந்த ஆசை என்னது இல்ல."

"பின்ன யாருது, முனியப்பனுதா?"

"நானா சாமி கும்புடறவன்? தெனமும் காலையில என்னமோ ஒண்ணு இந்த அலமாரிப் பக்கம் இழுக்கும். எனக்கும் பக்திதானாட்ட இருக்குதுன்னு கொஞ்ச நாள் நெனச்சேன். ஒரு நாள் கை தானா திருநீத்துத் தட்டத் தாண்டிப் போயி இந்த டப்பாவத் தொட்டுச்சு. நீ மாத்திரையப் போட்டுட்டு வெளிய வந்தீன்னா எனக்கும் அடங்கிருது. அப்பத்தான் புரிஞ்சுது."

"அது டாக்டர் எழுதிக் குடுத்தது."

"எப்ப?"

"ஆபரேசன் அப்ப."

"அந்த டாக்டர் ரிட்டையர் ஆயி பேத்தி கல்யாணத்தையும் முடிச்சுட்டாரு அம்மிணி."

சிரிப்பு வரவில்லை எனக்கு. குழாய் ஒரு பக்கமாக மட்டும் ஓடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, நானேதான் டாக்டரிடம் பதில் சொன்னேன். என் தொட்டி காலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் இப்போது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். மனசு வைத்தால் முடியாதா என்று ஒரே ஒரு தடவை என்னைக் கேட்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் கேட்கவில்லை. தோள் துண்டை எடுத்து என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார்.

"டாக்டர் அம்மாகிட்டப் போலாம்" என்றேன்.

"வேண்டாம். சொன்னா வில்லையக் கழட்டிருவாங்க. தை வரைக்கும் ஓட்டிரலாம்."

கெஞ்சினார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. தனியாக விட்டால் குடித்துவிடுவோம் என்று பயப்படுகிறார், பாவம் என்று நினைத்தேன். எனக்கும் அந்தப் பயம்தான். சொன்னால் அவர் முழு ஏக்கத்தோடு ஒண்டியாக நிற்பார், ஒரு சாயங்காலம் சறுக்கினால் போதும், ஆள் இருக்க மாட்டார். சொல்லாவிட்டால் என் வினை அவருக்குள் போய்க்கொண்டே இருக்கும். இன்று மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். நாளைக்கு என்ன செய்வார்? ராத்திரி முழுக்க வெசனப்பட்டுவிட்டு, விடிந்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டிரைவர் இல்லாத டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

நஸ்ரின் டாக்டர் முழுசும் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம்தான் சுருங்கிப்போயிற்று.

"தப்பு எங்களுதுதாங்க அக்கா. அன்னைக்கு நான் கேட்டு முடிச்சிருக்கணும். போதைன்னா சாராயம், கஞ்சான்னே எல்லாரும் நெனைக்கறாங்க. நீங்க போடற மாத்திரையும் அபினும் ஒரே வம்சம். வலிக்குக் கொஞ்ச நாள் போட்டா மருந்து. வருசக்கணக்காப் போட்டா மூளை அதையே கேக்கும்."

"எனக்கு நெஜமாலுமே முதுகு வலிக்குதும்மா."

"வலிக்கும். ஆனா உங்க முதுகு ஆறி எத்தனையோ நாளாச்சு. இப்ப வர்றதுல முக்கால்வாசி மாத்திரை எறங்கறப்ப வர்ற வலி. பட்டுனு நிறுத்திறாதீங்க, உடம்பு தாங்காது. நான் அளவு சொல்றேன், கொஞ்சங் கொஞ்சமா எறக்கலாம். இன்னொண்ணு, இதையும் சாராயத்தையும் ஒண்ணா உள்ள தள்ளினா மூச்சே நின்னுரும். நல்ல நேரம், வந்து சொன்னீங்க."

"வில்லை?"

"எடுத்துத்தான் ஆகணும்."

நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர், முதலில் நடுக் குழாயை அடைத்துவிடுகிறேன், ஒரு நிமிஷத்தில் அவரவர் தண்ணீர் அவரவர் தொட்டிக்குப் போய்ச் சேரும், அதற்குப் பிறகு கழற்றலாம் என்றாள். நான் இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும். டாக்டர் திரையைத் தொட்டாள்.

விழுந்தது நான்.

குடம் குடமாகக் கொட்டுகிறாற்போல ஏக்கம் முழுசும் வந்தது. எலும்புக்குள் எல்லாம் அது போய் உட்கார்ந்தது. இவர் என்னைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் கையில் நடுக்கமே இல்லை. நெற்றியில் வியர்வை இல்லை. வீட்டில் சோறு தின்றுவிட்டு வந்து நிற்கிற ஆள் மாதிரி நின்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பூபதி சார், உங்களுக்கு எப்படி இருக்குது?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

"பிராந்தி ஞாபகம்?"

"அது போயி நாளாச்சுங்க."

"எப்ப இருந்து?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆடி நோம்பிக்கு முன்னாடியே போயிருச்சுங்க."

ஆடிக்கு முன்னாடி என்றால், அதற்கப்புறம் எத்தனை சாயங்காலம் நாங்கள் மாங்காய் தின்றோம். எத்தனை நாள் என்னிடம் பிராண்டு கேட்டுச் சிரித்தார்.

"அப்ப சாயங்காலம் எனக்கு வந்ததெல்லாம்?"

டாக்டர் மெதுவாகச் சொன்னாள். "ஏக்கத்துக்கு முகம் கெடையாதுக்கா. நாமதான் பேர் வெக்கறோம். அது அவருதுன்னு நெனச்சீங்க, அதனால பிராந்தியாத் தெரிஞ்சுது. அது உங்களோடதுதான். அவரு பாதியச் சொமந்திருக்காரு. எங்களுக்கும் அளவுதான் தெரியும், யாருதுன்னு தெரியாது. அவருதுன்னே எழுதிட்டு இருந்தோம்." பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் சார் சொல்லல?"

"சொன்னா கழட்டிருவீங்களேங்க. இவ ஒண்டியா என்ன பண்ணுவா?"

நேற்று அவர் கெஞ்சியது தனக்காக என்று நினைத்தேனே, எனக்காக அல்லவா கெஞ்சியிருக்கிறார். டாக்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். இவர் அவளை விடவில்லை. "அதான் எனக்குச் சுத்தமாயிருச்சேங்க. இவளுக்குத் தொணையா எனக்கே திருப்பி ஒட்டி உடுங்க" என்றார்.

"முடியாது சார். உங்க மூளை இப்பத்தான் வழி மறந்திருக்குது. இன்னும் ரெண்டு வருசத்துக்கு அடுத்தவங்க ஏக்கம் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. இத்தன நாள் நீங்க தப்பிச்சதே பெரிய விசயம்."

வேண்டுமானால் முன்பின் தெரியாத யாரையாவது எனக்குத் துணையாகப் போடலாம் என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இனி என்னோடதை இன்னொருத்தர் தலையில் வைக்க மாட்டேன், மருந்தை இறக்கி இறக்கியே பார்க்கிறேன் என்றேன். சரி, ஆனால் மாத்திரை என் கையில் இருக்கக் கூடாது, வீட்டில் வேறு ஒருவர் வைத்துக்கொண்டு அளந்து தர வேண்டும் என்றாள் டாக்டர். இவர் கையை நீட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் முதல் சாயங்காலம். டாக்டர் சொன்ன அளவை இவர் கொடுத்தார். போட்டுக்கொண்டேன். போதவில்லை. இன்னும் ஒரு பாதி கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். நல்லபடியாகக் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். அதற்கப்புறம் என் வாய் இருக்கிறதே, அது தன் வேலையைக் காட்டிவிட்டது.

"கடைசீல ஒரு குடிகாரன்கிட்டக் கையேந்தற நெலம வந்துருச்சு பாரு எனக்கு."

சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் மாறவில்லை. எழுந்து வெளியே போய்விடுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"நெம்ப இழுக்குதா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரீல அம்மிணி. இப்பத்தான் வில்லை இல்லையே. எப்படி இருக்குதுன்னு நீயே சொல்லு, கேக்கறேன்."

எங்கே போனீங்க, எவ்வளவு குடிச்சீங்க, யாரோட குடிச்சீங்க என்று இந்த மனுசனை நான் கேட்காத கேள்வி இல்லை. இந்தக் கேள்வியை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

"கால் சும்மா இருக்க மாட்டேங்குது" என்று ஆரம்பித்தேன்.

அவர் என் இரண்டு கால்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"செரி. அப்பறம்?" என்றார்.